குளத்தில் நீர்நாய்: இரவுக் கமரா இருந்தால் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயலை ஒட்டிய சிறு குளத்தில் நீர்நாய் நடமாடுகிறது. பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும் என்பதால் நேரில் பார்ப்பது அரிது. துருசடிக் (மதகடிக்) கல்லிலும், மிகைநீர் வழியும் வானுக்குப் பக்கத்து மருத வேரிலும் அதன் எச்சம் கிடக்கிறது. உடைத்துப் பார்த்தால் மீன் செதிலும் நண்டு ஓடும்தான். கீரியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். சேற்றில் ஐந்து விரலும் இடையே சவ்வும் பதிந்த தடத்தைக் கண்டபின் சந்தேகம் தீர்ந்தது.

குளக்கட்டைத் துளைத்துவிடும் என்று சிலர் பொறி வைக்கச் சொல்கிறார்கள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. கனடாவில் பீவர் என்ற வேறொரு நீர்வாழ் கொறிவிலங்கு அணை கட்டும், கரையையும் குடையும். நீர்நாயோ வேர் இடுக்கிலும் பழைய வளையிலும் ஒதுங்குகிற பிராணி. எங்கள் கட்டில் இருக்கும் பெரிய துளை முள்ளம்பன்றியுடையது. வாசலிலேயே முள் கிடந்தது.

படத்தோடு காட்டினால் ஊரார் கேட்பார்கள். தானாகப் படம் எடுக்கும் இரவுக் கமரா வைத்திருப்பவர்கள் மாரிக்கு முன் இரவல் தருவீர்களா? வாடகை என்றாலும் சரி. எச்சமிடும் கல்லிலிருந்து எவ்வளவு தூரத்தில், என்ன உயரத்தில் கட்டுவது? குளத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, உதவ வருபவர்களுக்குத் தனியே சொல்கிறேன்.