பத்மினி ஸ்டீயரிங் கியருக்கு புஷ் கிடைக்குமா?

மும்பை மக்களே, அப்பாவோட பிரீமியர் பத்மினி. கியர் ஸ்டீயரிங்கிலேயே இருக்கிற பழைய மாடல். கியர் லீவரை கியர்பாக்ஸோட இணைக்கிற லிங்கேஜ் ராடு சேருற இடத்துல, புஷ் (ஆடாம பிடிச்சுக்கிற சின்ன வளையம்) தேஞ்சு லொடலொடன்னு ஆடுது. செகண்ட் போட்டா நியூட்ரல்ல நிக்குது, பின்னாடி ஒரே ஹார்ன்.

2023 அக்டோபர்ல கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டை விட்டுப் போயாச்சு. குர்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல கேட்டா கைய விரிக்கிறாங்க. ஃப்ளோர் கியரா மாத்திடலாம்கிறார் மெக்கானிக். அதுக்கு வேற வண்டியே வாங்கிடலாமே!

தாராவி, சயான் பக்கம் பழைய புஷ்ஷை அளவெடுத்து நைலான்லயோ பித்தளையிலயோ கடைஞ்சு தர்ற லேத்காரர் யாரையாவது தெரியுமா? டாக்ஸி ஓட்டின அண்ணன்மார் வீட்டுப் பரண்ல பழசு கிடந்தாலும் சரி; உள்பக்கம் தேயாம இருந்தா போதும். போட்டோ அனுப்புங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.