சாக்கரேரா தாளம், பகுவாலா குரல்: மின்னணு இசையில் எதுவரை மாற்றலாம்?

கேள்வி:
வணக்கம். அர்ஜென்டினாவின் நாட்டுப்புற நடனமான சாக்கரேராவின் தாளத்தையும், அந்நாட்டின் வடமேற்கு மலைப்பகுதிகளில் பாடப்படும் பகுவாலா என்னும் நாட்டுப்புறப் பாடலையும் கொண்டு ஒரு மின்னணு இசைக்கோவையை அமைத்து வருகிறேன். போம்போ லெகுவேரோ என்னும் பெருமுரசின் பதிவைக் கணினியில் குவான்டைஸ் செய்ததும் (அடிகளைச் சீரான காலக்கட்டங்களில் பொருத்தியதும்) தாளத்தின் உயிரே போய்விடுகிறது. குரலையும் வெட்டி அடுக்கிப் பார்க்க விரும்புகிறேன். மூலத்தின் இயல்பு கெடாமல் எதுவரை போகலாம்?

பதில் 1:
சாக்கரேராவில் 6/8, 3/4 ஆகிய இரு கணக்குகளும் ஒருசேர ஓடுகின்றன. ஆறு துடிப்புகளை ஓர் இசைக்கருவி மும்மூன்றாகவும் இன்னொன்று இரண்டிரண்டாகவும் பிரிப்பதால்தான் அந்த இழுபறி பிறக்கிறது. குவான்டைஸை விட்டுவிட்டு, முரசின் பதிவிலிருந்தே வேகத்தைக் கணித்து, சிந்தசைசரை அதற்குப் பின்னால் நடக்க விடுங்கள். இயன்றால் தோலுக்கு ஒன்று, மரவிளிம்புக்கு ஒன்று என இரண்டு மைக்குகளில் பதிவு செய்யுங்கள். தோலின் அடிநாதத்தோடு மின்னணு பாஸ் ஒலியை இழைக்கலாம். விளிம்பில் விழும் கூரிய அடியைத் தொடாதீர்கள், ஏனெனில் கேட்பவரின் காது தாளத்தைப் பிடித்துக்கொள்வது அதில்தான்.

பதில் 2:
குரலைப் பற்றிச் சொல்கிறேன். பகுவாலா காஹா என்ற சிறு கைமுரசோடு, பெரும்பாலும் ச, அந்தர காந்தாரம், ப என்ற மூன்றே சுரங்களில் பாடப்படுவது. அதன் அழகெல்லாம் சுரங்களுக்கு இடையே இருக்கிறது: குரல் வழுக்கி ஏறும், திடீரென உடைந்து பொய்க்குரலுக்குத் தாவும். இந்தத் தாவலைக் கென்கோ என்பார்கள். அர்ஜென்டினப் பாடகியும் நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளருமான லேடா வல்யாதாரெஸ் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய பதிவுகளைக் கேட்டால், நாம் சோதனை முயற்சி என்று கருதும் குரல்முறை அந்த மலைகளில் முன்பே வேரூன்றியிருப்பது விளங்கும். ஆகவே சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் வேண்டவே வேண்டாம். வெட்டுவதானால் குரல் உடையும் இடத்தில் வெட்டி, அந்த ஒரு நொடியை மட்டும் லூப் செய்யுங்கள், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்க விடுங்கள். புவெனஸ் ஐரிஸைச் சேர்ந்த பாடகி ஹுவானா மொலினா தம் குரலையே லூப்களாக அடுக்கி எழுப்பும் இசையையும் கூர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் மூச்சு கேட்கும்.

பதில் 3:
ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: கிராமத்துப் பாடகர்களின் பழைய பதிவுகளைப் பெயரின்றி எடுத்தாள்வது எனக்கு ஒப்பவில்லை. கொலம்பியாவில் பிறந்த பாடகி லிடோ பிமியென்டா, 2020இல் வெளிவந்த 'மிஸ் கொலம்பியா' தொகுப்பில், அந்நாட்டின் சான் பாசிலியோ தெ பலென்கே கிராமத்தைச் சேர்ந்த செக்ஸ்டெட்டோ தபலா இசைக்குழுவைப் பெயர் குறிப்பிட்டே பாட வைத்தார். இயன்றவரை நீங்களும் ஒரு பகுவாலா பாடகரை நேரில் பாடச் செய்து, வெட்டி அடுக்கிய வடிவத்தை அவரிடமே போட்டுக்காட்டி, ஒப்புதல் பெற்று வெளியிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முரசை மீண்டும் இரண்டு மைக்குகளில் பதிவு செய்கிறேன். பாடகர் ஒருவர் இசைந்த பிறகே குரலில் கைவைப்பேன்.