ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இன்ஜின் வேலை: பிஸ்டன் செட்டை எங்கே வாங்குவது?

பெரம்பூர்_ஹெரால்ட்:
வணக்கம். அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், 948 சிசி. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பினாலும் அதே புகை, பின்னால் வருகிற ஆட்டோக்காரர் முறைக்கிறார். இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது.

கம்ப்ரஷன் 120, 118, 85, 122 பிஎஸ்ஐ. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் 115க்கு ஏறுகிறது.

புதுப்பேட்டையில் ஒருவரிடம் 20 ஓவர்சைஸ் (அசல் அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிய) பிஸ்டன் செட் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஆன்லைனில் '948 கிட்' ஒன்றும் வருகிறது: பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து. மெக்கானிக்கோ ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எதற்குப் பணம் கட்டுவது?

ஜிபிரோடு_மணி:
மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள் சார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பீச் ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) எதற்கு? ரிங் போட்டு, சிலிண்டரை லேசாக ஹோன் செய்தால் (உள்சுவரைக் கல்லால் உரசினால்) சில வருடம் ஓடும்.

அம்பத்தூர்_லேத்து:
மணி சொல்வது தேய்மானம் குறைவாக இருந்தால் சரி. ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறியதால் வால்வு மேல் பெரிய சந்தேகம் வேண்டாம், ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்துளை)தான் கசிகிறது. இரண்டில் எது என்பது அளந்தால்தான் தெரியும். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி தட்டினால், பழைய ரிங் எட்டாத இடம் தேயாமல் நிற்கிறது என்று அர்த்தம். அப்படியே புது ரிங் போட்டால் மேல் ரிங் அந்தப் படியில் இடித்து உடையும்.

அந்த ஆன்லைன் கிட்டுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். விளம்பரத்தில் எந்தக் கார் என்று போட்டிருக்கிறது? மாரிஸ் மைனருக்கும் 948 சிசி, உங்கள் வண்டிக்கும் 948 சிசி. மாரிஸில் போர் 62.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76.2. ஹெரால்டில் 63, 76. கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே சிசியில் வந்து நிற்கும், ஆனால் இன்ஜின் வேறு, கம்பெனி வேறு. ஹெட் கேஸ்கெட்கூடப் பொருந்தாது. '948' என்று மட்டும் தேடினால் மாரிஸ் சாமான்தான் நிறைய வந்து விழும்.

பெரம்பூர்_ஹெரால்ட்:
பார்த்தேன் சார். கீழே பொடி எழுத்தில் 'மாரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ35' என்றுதான் இருக்கிறது! அதை விட்டுவிட்டேன்.

இன்ஜினை இறக்கி லேத்தில் அளக்கக் கொடுத்தேன். மூன்றாவது சிலிண்டர் மேலே 7 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) தேய்மானம், மற்றவை 4, 5. கிராங்கில், கனெக்டிங் ராடு மாட்டுகிற பிக் எண்ட் ஜர்னல்கள் 2 தவ் வரை ஓவல். இதுவரை கிரைண்ட் செய்யாத கிராங்காம். போர் 7 தவ்தான் என்றால் 10 ஓவர்சைஸ் போதுமே, 20 எதற்கு?

அம்பத்தூர்_லேத்து:
இந்தத் தேய்மானம் சுற்றிலும் சமமாக இருக்காது தம்பி. பிஸ்டன் அழுத்துகிற பக்கம்தான் அதிகம் தேயும். ஏழும் ஒரே பக்கம் போயிருந்து, பழைய மையத்திலேயே போர் போட்டால் 14 தவ் எடுத்தால்தான் சுவர் சுத்தமாகும். அதனால் 20தான். புதுப்பேட்டை செட் உங்களுக்குச் சரியான அளவு.

வாங்குவதற்கு முன் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்காத பெட்டி என்பது ஒரு தகுதியே இல்லை. நான்கு பிஸ்டனின் தலையிலும் 020 என்று குத்தியிருக்கிறதா, ரிங்கில் துரு இருக்கிறதா, பிஸ்டன் பின்னை (pin) கையால் அழுத்தினால் இறுக்கமாக நகர்கிறதா, எல்லாம் பாருங்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு செட் கலந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய செட்டில் ரிங் மட்டும் துருப்பிடித்திருந்தால் விலை குறைத்துக் கேட்டு, ரிங்கைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

முக்கியமானது இது: பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர் போட வேண்டும். நான்கையும் லேத்துக்காரரிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து, அதற்குரிய கிளியரன்ஸ் (இடைவெளி) விட்டுப் போடச் சொல்லுங்கள். பேரிங்கும் அப்படித்தான். 10 அண்டர்சைஸ் (கிரைண்ட் செய்து 10 தவ் மெலிந்த கிராங்குக்கான) செட் உண்மையில் கிடைக்கிறது என்று உறுதியான பிறகு கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். முதலில் கிரைண்ட் செய்துவிட்டுப் பேரிங் தேடி அலைகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, அதன் இரு முனைக்கும் இடையே கேப் பாருங்கள். இந்த போருக்குச் சுமார் 10 தவ், அதாவது கால் மில்லிமீட்டர்.

வண்டலூர்_வின்டேஜ்:
நம்ம வண்டலூர் பக்கம் தயாரான வண்டி, எனவே ஒரு வார்த்தை. த்ரஸ்ட் வாஷரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. கிராங்கைத் தாங்குகிற பின்பக்க மெயின் பேரிங்கில் அரைவட்டமாக இரண்டு இருக்கும். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்கை முன்னால் தள்ளுகிற விசை அதன் மேல்தான் விழும். தேய்ந்தால் சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) கழன்று விழுந்து, கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். முன்பின் ஆட்டம் 4 முதல் 8 தவ்வுக்குள் வர வேண்டும். ஸ்டாண்டர்ட் அளவில் ஆட்டம் மிஞ்சினால் ஓவர்சைஸ் வாஷர் கேளுங்கள். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

அப்புறம் பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறு கட்டியிருக்கும். வாட்டர் பிளக்குகளைத் தட்டி எடுத்துக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மே மாத வெயிலில் வண்டி கொதித்தால் ரேடியேட்டரைத் திட்டுவோம், அடைப்பு இங்கே இருக்கும்.

பெரம்பூர்_ஹெரால்ட்:
புதுப்பேட்டைக்காரர் ஆயில் சீல், பெட்ரோல் பம்ப் டயாஃப்ராம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் அதே விலையில் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா? ஹெட்டில் வால்வு சீட்டும் மாற்ற வேண்டுமா? ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய ஹெட்டைத் தின்றுவிடும் என்கிறார்கள்.

வண்டலூர்_வின்டேஜ்:
இரும்புச் சாமான் எத்தனை வருடம் பெட்டியில் இருந்தாலும் துருப்பிடிக்காதவரை நல்லதுதான். ரப்பரும் கார்க்கும் அப்படியில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும், சீல் உதடு கல்லாகியிருக்கும். பம்பில் இருக்கும் டயாஃப்ராமையும் நம்பாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கரைக்கும். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ராம் என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸையும் மாற்றுங்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு அருகில் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்பத்தூர்_லேத்து:
ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில். அதற்குப் பிறகும் இந்த ஹெட் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? எக்ஸாஸ்ட் சீட் ஆழமாக உட்கார்ந்திருந்தால் மட்டும் கடினமான சீட் இன்சர்ட் (வளையம்) போடுங்கள். இல்லையென்றால் லேப்பிங் செய்து (வால்வைச் சீட்டில் அரைத்துப் படியவைத்து), வால்வுத் தண்டு ஓடுகிற கைடின் ஆட்டம் பார்த்து மூடலாம். ஐடிலிங்கில் நின்று கிளம்பும்போது வரும் புகையில் கைடுக்கும் பங்கு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

ஜிபிரோடு_மணி:
7 தவ் என்றால் நானும் ரீபோர் பக்கம்தான். டிஸ்ட்ரிபியூட்டரில் கண்டன்சர் வேலை செய்தால் பழையதையே வையுங்கள், புதிதாக வருபவற்றில் பாதி சொதப்புகிறது. ஆயில் 20டபிள்யூ50 மினரல் போதும், விலை உயர்ந்த சிந்தெடிக் வேண்டாம்.

பெரம்பூர்_ஹெரால்ட்:
சரி சார். பிஸ்டனைப் பிரித்துப் பார்த்து வாங்குகிறேன். பேரிங் 10 அண்டர்சைஸ் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள், த்ரஸ்ட் வாஷர் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டும் கைக்கு வரும்வரை கிராங்க் வீட்டிலேயே இருக்கும்.