எங்கட குடும்பம் குழு: தம்பியின்ர பந்து

பெரியம்மா: தங்கச்சி, தம்பி நேற்றில இருந்து ஃபோன் எடுக்கிறான் இல்லை. என்ன நடந்தது?

அம்மா: ஃபுட்போல் கிளப்பின்ர அகடமியில இருந்து விட்டிட்டாங்கள் அக்கா. 16 வயசில குடுக்கிற ரெண்டு வருச ஸ்காலர்ஷிப் இவனுக்கு இல்லையாம். ஒன்பது வயசில இருந்து கிழமைக்கு மூண்டு நாள் ஏத்தி இறக்கினது. கிட் எல்லாம் தோய்ச்சு வைச்சிருக்கிறன், திருப்பிக் குடுக்க வேணுமாம். மடிக்கேக்க அழுகை வந்திட்டுது.

பெரியம்மா: சரி, அழாதை. இனி ஏ லெவலைப் படிக்கட்டும். பந்து போதும்.

சின்ன மாமா: பெரியக்கா, படிக்கட்டும். ஆனால் பந்து போதும் எண்டு சொல்லாதேங்கோ. ஃபுட்போல்காரன் மிக்கைல் அன்ரோனியோவை 14 வயசில ரொட்டன்ஹாம் கிளப் கூப்பிட்டது. படிப்புத்தான் முதல் எண்டு தாய் விடேல்லை. பிறகு எங்கட டூட்டிங் அண்ட் மிட்சம் எண்ட சின்னக் கிளப்பில விளையாடினவன். 2008இல ரெடிங் வந்து எடுத்தது. 2015இல வெஸ்ட் ஹாம்.

அம்மா: தாய் மறிச்சவவே?

சின்ன மாமா: ஓம் அக்கா. மறிச்சும் கதவு மூடேல்லை.

சித்தப்பா (குருநகர்): மச்சான், ஒண்டு விளங்கேல்லை. சின்னக் கிளப்புகள் தாங்களே பொடியளை வளர்க்காமல் ஏன் வெளியில தேடுது?

சின்ன மாமா: வளர்த்தால் பறிச்சுக்கொண்டு போறாங்கள் மச்சான். 2012இல வந்த விதிப்படி, பெரிய கிளப் எடுத்தால் நட்டஈடு எவ்வளவு எண்டு முதலே அட்டவணை போட்டிருக்கு. 9–11 வயசுக்கு வருசம் 3,000 பவுண்ட்தான் வைச்சவங்கள். ரெண்டு பொடியளை மான்செஸ்டர் கிளப்புகளிட்ட இழந்திட்டு 2016இல பிரென்ட்ஃபோர்ட் அகடமியையே மூடினது. பதிலுக்கு பி அணி, அதாவது முதல் அணிக்கு அடுத்த அணி. மற்ற இடங்கள் கழிச்சுவிட்ட பொடியளைப் பாத்துப் பாத்துச் சேர்த்தவங்கள். 2022இலதான் திரும்ப அகடமி துவங்கினது.

சின்ன மாமா: எக்ஸிட்டர் வேற மாதிரி. ரசிகர்களே சொந்தமா வைச்சிருக்கிற கிளப், அகடமியை விடேல்லை. ஒலி வொட்கின்ஸ் அங்க வளர்ந்தவன். 18 வயசில வெஸ்டன்-சூப்பர்-மெயர் எண்ட நொன்-லீக் கிளப்புக்கு, அதாவது பெரிய லீக்குகளுக்குக் கீழ விளையாடுற கிளப்புக்கு, லோனில விட்டாங்கள். வளர்ந்த ஆம்பிளையளோட முட்டி மோதிப் பழகினது அங்கதான். 2017இல பிரென்ட்ஃபோர்டுக்கு வித்தாங்கள். 2020இல அஸ்டன் வில்லா வாங்கேக்கயும் அந்தக் காசில எக்ஸிட்டருக்குப் பங்கு வந்தது. 2024 யூரோ அரையிறுதியில நெதர்லாந்துக்குக் கடைசி நேரத்தில அடிச்ச கோல் ஞாபகம் இருக்கே?

சித்தப்பா (குருநகர்): இருக்காமல்! விடிய ரெண்டரை மட்டும் முழிச்சிருந்து பாத்தனான்.

நான்: மாமா, அவை எல்லாம் ஸ்டார்ஸ். என்னை கூப்பிட்டு இருத்தி ஏழு நிமிசம் கதைச்சவை. "உடம்பு காணாது" எண்டு சொல்லிப் போட்டு ஃபைலை மூடிட்டினம்.

சின்ன மாமா: 16 வயசு உடம்பு தம்பி, இன்னும் வளரும். இங்கிலாந்து அணிக்கு விளையாடின ஜேமி வார்டியையும் அந்த வயசில சின்ன ஆள் எண்டுதான் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் விட்டது. ஸ்டொக்ஸ்பிரிஜ் எண்ட நொன்-லீக் கிளப்பில கிழமைக்கு 30 பவுண்ட், பகலில ஃபக்டரி வேலை. ஹலிஃபக்ஸ், ஃபிளீட்வுட், பிறகு 2012இல 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர். எல்லாருக்கும் அப்பிடி வராது, நான் பொய் சொல்லமாட்டன். ஆனால் உன்ர முதல் தொடுகை நல்லது, தலையை நிமித்திப் பாத்து பாஸ் குடுக்கிறாய். சனிக்கிழமை நொன்-லீக் மட்ச்சில கோல் கம்பத்துக்குப் பின்னால நிண்டு பாக்கிற ஸ்கவுட்டுகள் அதைத்தான் தேடுகினம். சேத்திலயும் அதைச் செய்ய வேணும், அவ்வளவுதான்.

பெரியம்மா: படிப்பு?

சின்ன மாமா: நொன்-லீக் கிளப்புகளில பயிற்சி பின்னேரம் பெரியக்கா, பகலில பள்ளிக்கூடம். கனக்கக் கிளப்புகள் கல்லூரியோட சேர்ந்தே 16–18 அணி நடத்துது.

சித்தப்பா (குருநகர்): பாண்ஸ்லி கிளப்பில எங்கட தமிழ்ப் பொடியன் ஒருத்தன் எல்லோ?

சின்ன மாமா: விமல் யோகநாதன். வேல்ஸில பிறந்தவர். 2023இல, 17 வயசில முதல் அணியில இறங்கினவர்.

நான்: மாமா, நொன்-லீக் கிளப்பில ஆள் தெரிவு செய்யிற ட்ரயல் எப்ப?

சின்ன மாமா: செவ்வாய் ஏழரை. ஆறே முக்காலுக்கு வாசலில நிப்பன். மழை எண்டு சொல்லுது, ஆணி வைச்ச பூட்ஸைக் கொண்டா.

அம்மா: அதில ஒரு ஆணி கழண்டு போச்சு. நாளைக்குக் கடைக்குப் போட்டு வாறன்.