சொஃப்ட் கோரல் தொட்டி: ஓட்டத்தைக் கூட்டினா ஸீனியா படுக்குது, குறைச்சா லெதர் மூடுது

கல்லடியான்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது மூண்டடிக் கடல்தண்ணித் தொட்டி. கல்லும் மணலும் போக 150 லீற்றர் அளவில தண்ணி நிக்கும். சம்ப் (தொட்டிக்குக் கீழ வைக்கிற வடிகட்டுத் தொட்டி) இல்ல, பின்னால தொங்குற, அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மர்தான். தண்ணியை ஓட்டுற மோட்டர் (பவர்ஹெட்) ரெண்டு, பெட்டியில ஒவ்வொண்டும் மணிக்கு 4000 லீற்றர் எண்டு போட்டிருக்கு. இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு. கோரல் எல்லாம் கல்லு எலும்பு இல்லாத சொஃப்ட் கோரல் (மெல்லிய முருகை), கொழும்பில தொட்டியில வளர்க்கிற ஒருத்தர்ட்ட வாங்கின துண்டுகள்: ஒரு லெதர், கொஞ்சம் பச்சை மஷ்ரூம், ஒரு கொத்து ஸீனியா.

ரெண்டு மோட்டரும் ஓடினா ஸீனியா ஒரே பக்கமாச் சரிஞ்சு படுத்திடுது, மஷ்ரூம் விளிம்பு சுருண்டு பாதியாப் போகுது. ஒண்டை நிப்பாட்டினா மஷ்ரூம் விரியும், ஆனா லெதர் மூடி மேல மினுங்குற தோல் ஒண்டு பிடிக்குது, பின்மூலை மணல்ல கருஞ்சிவப்புப் பாசி படருது. மணிக்குத் தொட்டித் தண்ணியின்ட எத்தனை மடங்கு ஓட்டம் வச்சாச் சரி?

சாய்ந்தமருது ரீஃப்:
மணிக்கு 8000 லீற்றர், 150க்கு அது 53 மடங்கு. அக்ரோபோரா மாதிரிக் கல் முருகை வளர்க்கிறவங்க வைக்கிற ஓட்டம் தம்பி அது. சொஃப்ட் கோரலுக்கு 15, 20 மடங்கு தாராளம். ஒண்டைக் கழட்டி வைங்க.

வாழைச்சேனை முருகை:
சாய்ந்தமருதுக் காக்கா சொன்ன கணக்குப் பிழையில்ல. ஆனா ஒண்டை நிப்பாட்டினா என்ன நடக்குது எண்டு தம்பியே எழுதியிருக்கார். இஞ்ச பிரச்சினை அளவில இல்ல. ஒரே திசையில, ஒரே இடத்தில, விடாமல் அடிக்கிறதில.

லெதர் மூடினதுக்குப் பயப்படாதீங்க. அது இடைக்கிடை மேல்தோலை உரிக்கும், பிடிச்ச பாசியும் அழுக்கும் அதோட போயிடும். அந்த நாளையிலதான் அதுக்கு ஓட்டம் நல்லா வேணும். இல்லாட்டி உரிஞ்ச தோல் அங்கயே ஒட்டிக்கிடந்து அடியில சதை பழுதாகும். மஷ்ரூம் நேர் எதிர், அதுக்கு ஒதுக்கம் வேணும். ரெண்டையும் ஒரே தொட்டியில வச்சிருந்தா மோட்டரை மட்டும் திருகி ரெண்டுக்கும் பொருத்தமாக்க ஏலாது. கல்லை அடுக்குறதிலதான் விசயம் இருக்கு. பாசிக்குடாவில பாருங்க: வெளியில முருகைப்பார் அலையை வாங்கிக்கொள்ளும், உள்ளுக்க இடுப்பளவு தண்ணி ஆடாமல் கிடக்கும். அந்த வேலையை உங்கட கல்லு செய்யட்டும். லெதர் கல்லு உச்சியில, ஸீனியா நடுவில, மஷ்ரூம் கல்லுக்குப் பின்னால அடியில.

ரெண்டு மோட்டரையும் மேல்மூலைக்கு ஏத்துங்க, தண்ணி மட்டத்துக்கு நாலு விரல் கீழ. ஒண்டின்ட வாயும் கோரலைப் பார்க்கக் கூடாது. ரெண்டும் முன்கண்ணாடி நடுவைப் பார்க்கட்டும். கண்ணாடியில மோதி, தங்களுக்குள்ள மோதி, ஓட்டம் உடைஞ்சு திசை மாறி மாறி வரும். கோரலுக்கு வேணுமெண்டது அந்த உடைஞ்ச தண்ணிதான். ஒண்டு ஓடி மற்றது நிக்கிற மாதிரி ரைமர் போட்டா இன்னும் நல்லம்.

சரியா வந்துதா எண்டு ஸீனியாவே சொல்லும். சரிஞ்சு, நிமிர்ந்து, மற்றப் பக்கம் சரிஞ்சா விட்டுடுங்க. சரிஞ்சபடியே கிடந்தா இன்னும் நேரா அடிக்குது. பிறகு உறைஞ்ச இறால் தீனி கரைச்ச தண்ணியை சிரிஞ்சில எடுத்து மெல்ல விட்டுப் பாருங்க. தூள் எங்க விழுந்து அசையாமல் கிடக்குதோ அங்கதான் சிவப்புப் பாசி வரும். உங்கட பின்மூலையும் அப்படித்தான் இருக்கோணும். ஒரு மாற்றம் செய்தா ஒரு கிழமை தொடாதீங்க. கோரல் ஒரு நாளில பழகாது.

இன்னொண்டு கேட்கோணும். மோட்டரைக் கிட்டடியில வினாகிரியில ஊறப்போட்டுக் கழுவினீங்களா?

பிறகு, அக்ரோபோரா பேச்சு வந்ததால சொல்றன், வாசிக்கிற மற்றவங்களுக்கும்: கல்குடா, பாசிக்குடாப் பக்கம் போய் கல் முருகையில ஒரு நகம் அளவும் உடைக்காதீங்க. வனசீவராசிகள் சட்டத்தில பாதுகாக்கப்பட்டது அது. 1998ல கடல் சூடாகி முருகை வெளிறினதில எவ்வளவோ செத்துப்போச்சு. மிச்சம் கடல்லயே இருக்கட்டும்.

கல்லடியான்:
ஓம் அண்ணன், போன மாசம் கழுவினன். அதுக்குப் பிறகுதான் ஸீனியா சரியத் தொடங்கினது! சொன்னபடி மேல ஏத்தி முன்கண்ணாடிக்குத் திருப்பிட்டன். மஷ்ரூமைக் கல்லுக்குப் பின்னால மாத்தினன், ரெண்டு விரிஞ்சிட்டு. இப்ப புதுசா ஒண்டு: பின்னேரமானா இடப்பக்க மோட்டர் காத்தை இழுத்து தொட்டி முழுக்கக் குமிழி விடுது.

வாழைச்சேனை முருகை:
பெட்டியில போட்டிருக்கிற 4000 புது மோட்டரின்ட கணக்கு. உள்ளுக்கச் சுண்ணாம்பு பிடிக்கப் பிடிக்க ஓட்டம் மெல்ல மெல்லக் குறையும், கோரலும் அதுக்குப் பழகிக்கொள்ளும். கழுவின அண்டைக்கு ஒரேயடியா ஏறும். இனிமேல் ரெண்டையும் ஒரே நாளில கழுவாதீங்க. கழுவினதின்ட வாயைக் கொஞ்ச நாளைக்கு மேல்பக்கமாத் திருப்பி வைங்க.

குமிழி கச்சான் காத்தால, இந்த வறண்ட சூட்டுக் காத்தால. இந்த நாளையில தண்ணி வத்துற வேகம் தெரியும்தானே. சம்ப் இல்லாத தொட்டியில மட்டம் அங்கயே இறங்கும், மோட்டர் காத்தை இழுக்கும், ஓட்டமும் உடைஞ்சு போகும். அதோட தண்ணிதான் ஆவியாகும், உப்பு அங்கயே நிக்கும். அதால உப்புத்தண்ணி விட்டு நிரப்பாதீங்க, ஆர்.ஓ. (வடிகட்டி உப்பு எடுத்த) தண்ணி மட்டும். கண்ணாடியில மார்க்கரால ஒரு கோடு கீறி, காலையிலயும் பின்னேரமும் கோட்டுக்கு நிரப்புங்க. உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.025ல நிக்குதா எண்டும் பாருங்க.

சாய்ந்தமருது ரீஃப்:
நானும் இப்பதான் என்ட மோட்டரை முன்கண்ணாடிக்குத் திருப்பினன். பற்றரியில ஓடுற எயார் பம்ப் ஒண்டும் வாங்கி வைங்க தம்பி. கரண்ட் போனா ஸ்கிம்மர், மோட்டர் எல்லாம் ஒண்டா நிக்கும், இந்தச் சூட்டில தண்ணியில ஒக்சிசன் கெதியா இறங்கிடும்.