வாசிகசாலைக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

உவர்மலை ஒழுங்கை உறவுகள் (திருகோணமலை, வாட்ஸ்அப் குழு)

செயலாளர் அண்ணா, மாலை 6.10
எல்லோருக்கும் வணக்கம். வாசிப்பு மாதத்துக்காகச் சேர்த்த 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. சனிக்கிழமை புத்தகக் கடைக்குப் போகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் வழிகாட்டிகள், சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள், பரிசு பெற்ற நாவல்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமா?

மூலைவீட்டு மாமி, 6.14
பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புத்தகம் இருந்தால் போதும் தம்பி.

நூலகர் அக்கா, 6.31
தம்பி, அந்தப் பட்டியலோடு கடைக்குப் போகவேண்டாம். நேற்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மேல்தட்டுத் தடித்த நாவல்களில் ஒட்டியிருக்கும், இரவல் கொடுத்த நாளைக் குறிக்கும் திகதித்தாள் வெறுமையாகக் கிடக்கிறது. கீழ்த்தட்டில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய படப்புத்தகம் ஒன்று. அதன் முதுகு பிய்ந்து, யாரோ துணிப்பட்டி ஒட்டியிருக்கிறார்கள். திமிங்கிலப் பக்கத்தின் ஓரம் கைபட்டுக் கறுத்துவிட்டது. எதை வாங்க வேண்டும் என்று அந்த அலுமாரியே சொல்கிறது.

நூலகர் அக்கா, 6.36
சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வேலை பார்த்த காலமெல்லாம் இவற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் பெயரை எழுதுமுன் வாசிக்கப்போகிறவரின் பெயரை எழுதுங்கள்.

மூலைவீட்டு மாமி, 6.40
அப்படியானால் எங்கள் அம்மாவின் பெயரை முதலில் எழுதுங்கள். சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் முழுவதும் மனப்பாடம். இப்போது கதை கேட்கிறார். சிறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

நூலகர் அக்கா, 6.47
எழுத்தின் அளவு 16 புள்ளிக்குக் குறையக்கூடாது. பளபளப்பான தாளும் வேண்டாம், மின்விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும். மடியில் வைத்தால் பாரம் தெரியாத மெல்லிய புத்தகமாகப் பாருங்கள். அம்மாவுக்குச் சிறுகதைதான் பொருத்தம், ஒரே இருப்பில் ஒன்றை முடித்துவிடலாம். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் கதைகள் கிடைத்தால் கட்டாயம் வாங்க வேண்டும். நம் பக்கத்து மனிதர்களை எழுதியவர். எழுத்து சிறிதாக இருந்தால் பேத்தி வாசித்துக் காட்டட்டும்.

படகுத் தம்பி, 6.52
அக்கா, எனக்குக் கதை வாசிக்கப் பொறுமை இல்லை. நடுக்கடலில் படகு எஞ்சின் நின்றால் எதைத் திறந்து பார்ப்பது என்று சொல்லும் புத்தகம் இருக்கிறதா?

நூலகர் அக்கா, 6.55
அதுவும் வாசிப்புத்தான் தம்பி. எஞ்சின் பழுதுபார்த்தல், வானிலை இரண்டும் பட்டியலில் ஏறுகின்றன. பாகங்களைப் படம் போட்டுத் தமிழில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்போம்.

சின்னவள், 7.03
அன்ரி, எனக்குத் துப்பறியும் கதை வேண்டும். தம்பி தரம் 3. சித்திரக்கதையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். அது படிப்பில்லை என்று அம்மா ஏசுகிறார்.

நூலகர் அக்கா, 7.11
அம்மாவிடம் நான் பேசுகிறேன். படத்தையும் பேச்சையும் சேர்த்துப் பொருள் கொள்வதும் வாசிப்புத்தான், அவனைத் தடுக்கவேண்டாம். வேறு புத்தகம் கொடுப்பதென்றால் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அது அவன் தனியாக வாசிக்கும் புத்தகமில்லை, நீ பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டு.

மூலைவீட்டு மாமி, 7.15
கடைசி வீட்டுச் சிங்களப் பிள்ளைகளும் வந்து படம் பார்த்துவிட்டுப் போகிறார்கள் அக்கா.

நூலகர் அக்கா, 7.17
நல்லவேளை சொன்னீர்கள். சிங்களத்தில் சில படக்கதைகளும் ஒரு சிங்கள–தமிழ் அகராதியும் வாங்குவோம். அகராதி நம் பிள்ளைகளுக்கும் உதவும்.

செயலாளர் அண்ணா, 7.24
அப்போது பரீட்சை வழிகாட்டிகளை விட்டுவிடுவதா அக்கா? பெற்றோர் என்னிடம்தான் கேட்பார்கள்.

நூலகர் அக்கா, 7.30
விடவேண்டாம், 5,000 ரூபாய்க்கு வாங்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். வழிகாட்டியைப் பெற்றோர் கடன்பட்டாவது வாங்கிக் கொடுப்பார்கள். திமிங்கிலப் புத்தகத்தை யார் வாங்கிக் கொடுப்பார்கள்? அதற்குத்தானே வாசிகசாலை.

செயலாளர் அண்ணா, 7.33
சரி அக்கா. நாளை இரவுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் வாசிக்கிறார்கள், என்ன வயது, எதில் விருப்பம் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை காலை 9 மணிக்கு நீங்களும் கடைக்கு வரவேண்டும்.

நூலகர் அக்கா, 7.35
வருகிறேன். எல்லாப் பணத்தையும் அன்றே செலவழிக்கவேண்டாம், 10,000 ரூபாயை ஒதுக்கி வையுங்கள். தைப்பொங்கல்வரை எந்தப் புத்தகம் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.