தீபாவளி லீவுல திருவொற்றியூர், பழவேற்காடு: கார்ல எந்த ரூட்?

தாம்பரம்காரன்:
தீபாவளிக்கு மறுநாள் காலையில தாம்பரத்துல கிளம்பி திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், அங்கேருந்து பழவேற்காடு, ராத்திரி வீடு. ஸ்விஃப்ட், 185/65 ஆர்15 டயர், அஞ்சு பேர். மேப் ராயபுரம், எண்ணூர் வழியா காட்டுது. அந்த ரோட்டை நம்பிப் போகலாமா? டயர் காத்தை 28 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டா குலுங்காதுன்னு சொல்றாங்க, நெசமா?

எண்ணூர்வாசி:
எண்ணூர் வழி வேணாம் சார். துறைமுகத்துக்கு லீவு ஏது? கன்டெய்னர் லாரி என்னைக்கும் ஓடும். அன்னைக்கு ஞாயிறா இருந்தா காசிமேட்டுல மீன் வாங்க வர்ற கூட்டம் வேற. கடலோர ரோட்டை விட்டுட்டு தண்டையார்பேட்டை, டோல்கேட் (ஏரியா பேரே அதுதான்) வழியா திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலயே வாங்க. கோயில் முடிஞ்சதும் சாத்தாங்காடு, மணலி, மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. திரும்பும்போது ஊருக்குள்ள வரவே வேணாம். மீஞ்சூர்ல அவுட்டர் ரிங் ரோடு ஏறினா வண்டலூர்ல இறங்கலாம், டோல் உண்டு. (கோயில் மட்டும்னா காரே வேணாம், தேரடி வரைக்கும் மெட்ரோ இருக்கு.)

லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதுக்கு இடப்பக்கம் இருக்கிற இடுக்குல நுழையாதீங்க. டிரெய்லரோட பின் சக்கரம் உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும்.

டயர்கடை:
காத்தை இறக்காதீங்க. டிரைவர் கதவுத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஃபுல் லோடுக்கு என்ன போட்டிருக்கோ அதை வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது அடிங்க. காத்து கம்மியா இருந்தா பள்ளத்தோட விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) நசுங்கி, உள்ள இருக்கிற நூல் அறுந்துடும். அப்புறம் அங்க புடைப்பு வரும். அதுக்குப் பஞ்சர் போட முடியாது, டயரையே மாத்தணும். அலாய் ரிம் வளையுறதும் அப்படித்தான்.

பள்ளத்தைப் பாத்தா அதுக்கு முன்னாடியே பிரேக் அடிச்சு வேகத்தைக் குறைங்க, சக்கரம் இறங்கும்போது பிரேக்கை விட்டுடுங்க. பிரேக்கை அமுக்கிக்கிட்டே இறங்கினா முன்பக்கம் அமுங்கியே இருக்கும், சஸ்பென்ஷனுக்கு மீதி இடம் இருக்காது. ஸ்டியரிங்கை நேரா வைங்க. கடைசி நொடியில ஒடிச்சா சைடுவால்தான் அடி வாங்கும். லாரிக்கு ஒட்டிப் போனா அது அடியில இருக்கிற பள்ளம் தெரியாது, மூணு நொடி இடைவெளி விடுங்க. பாரம் ஏறுற ரோட்டுல தார் நசுங்கி நடுவுல வரப்பு மாதிரி எழும்பி நிக்கும். அஞ்சு பேரோட வண்டி தணிஞ்சிருக்கும், அந்த மேட்டை ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில விட்டு ஏறுங்க, அடிப்பக்கம் தட்டாது.

வந்த பிறகு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தா வீல் அலைன்மென்ட் மாறியிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துல அதிர்ந்தா ரிம்முல இருக்கிற பேலன்ஸிங் எடை விழுந்திருக்கும், இல்லேன்னா ரிம் வளைஞ்சிருக்கும்.

மழைக்காலம்:
ஐப்பசி மழையை மறந்துட்டீங்களே! சுரங்கப்பாதையில தண்ணி நின்னா திரும்பிடுங்க, பஸ் போகுதேன்னு பின்னாடி போகாதீங்க. தெருவுல தேங்கினது பாதிச் சக்கரத்துக்குக் கீழன்னா மட்டும் முதல் கியர்ல, நிக்காம, மெதுவா. வண்டி நின்னுட்டா சாவியைத் திரும்பத் திருப்பாதீங்க. ஏர் ஃபில்டர் வழியா உள்ள போன தண்ணியை பிஸ்டன் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தாண்டினதும் பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசா அமுக்கி உலர வைங்க.

தாம்பரம்காரன்:
நன்றி அண்ணா. அன்னைக்குப் பஞ்சர் கடை திறந்திருக்குமா?

டயர்கடை:
பாதிக் கடை பூட்டிதான் கிடக்கும். ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு முந்தின நாளே பாருங்க. ஓரத்து மண்ணு ஈரமா இருக்கும், ஜாக்கி புதையும், அடியில வைக்க ஒரு பலகை போடுங்க. வண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடியே வீல் நட்டை அரைச் சுத்து தளர்த்திடுங்க. ஆணி குத்தி காத்து மெதுவா இறங்கினா ஆணியைப் பிடுங்காதீங்க, காத்து அடிச்சு அடிச்சே கடை வரைக்கும் போயிடலாம்.